லாத்தாவுக்கு நெய் உருக்கப் போனேன்

ஞாயிறு, காலை 6.10. பிளெய்ன்ஸ்பரோ.

பெட்டியைத் தூக்கிய டாக்ஸிக்காரர் உள்ளே இரும்பு வைத்திருக்கிறாயா என்று கேட்டார். இட்லித் தட்டு என்றேன். எகிப்துக்காரர், அவருக்குப் புரியவில்லை. பிப்ரவரிக் குளிரில் நின்றுகொண்டு இட்லி என்றால் என்ன என்று விளக்க எனக்குப் பொறுமையும் இல்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷன் மூன்று மைல், பதினான்கு டாலர். டிப்ஸோடு பதினாறாகக் கொடுத்தேன்.

அங்கிருந்து நியூவர்க் விமான நிலையத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானச் சீட்டு 412 டாலர். மூன்று நாள் முன்னால் வாங்கினால் அப்படித்தான் தீட்டுவார்கள். 2007-இல் அது எனக்குப் பெரிய தொகை. ஆனாலும் போயே ஆகவேண்டியிருந்தது.

லாத்தா என்றால் அக்கா. காயல்பட்டினத்தில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சுபைதா லாத்தா எனக்கு மூன்று வயது மூத்தவள், கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறாள். அவளுக்குச் சினைப்பையில் கேன்சர். நான்கு கீமோ முடிந்து இரண்டு பாக்கி. மூன்றாவதிலிருந்தே சாப்பாடு உள்ளே இறங்கவில்லை, இறங்கினால் தங்கவில்லை. 128 பவுண்டு இருந்தவள் 90-க்கு வந்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை காலை எடை பார்ப்போம், 92-க்குக் கீழே இருந்தால் கீமோவைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று அவள் கணவர், என் மச்சான், கேட்டிருக்கிறார். டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லையாம்.

குமட்டலை நிறுத்தத் தந்த மாத்திரைகள் எதுவும் கேட்காததால் டாக்டரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், கஞ்சா சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று. ஊரில் வீட்டுக்குள் அந்த வார்த்தையைச் சொன்னாலே செருப்படி விழும். கலிஃபோர்னியாவில் டாக்டர் கடிதம் இருந்தால் நோயாளிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் மத்திய அரசின் சட்டம் இடம் கொடுப்பதில்லை. என் கிரீன் கார்டு விண்ணப்பம் மத்திய அரசின் மேசையில் ஆறு வருடமாகக் கிடக்கிறது. வேகமாகக் கார் ஓட்டிக்கூட மாட்டிக்கொள்ளாதே என்று என் வக்கீல் வருடத்துக்கு ஒரு தடவை எச்சரிப்பார்.

அப்படியானால் நான் எதற்குப் போகவேண்டும்? அந்த மருந்தை விற்கிற கடைகளில் கிடைத்ததெல்லாம் பிரவுனி, குக்கி, சாக்லேட். கீமோ ஆரம்பித்ததிலிருந்து இனிப்பு வாசனை பட்டாலே லாத்தா வாளியைத் தேடுகிறாள். மச்சானுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். வியாழக்கிழமை போனில் அவள் பேசியது இவ்வளவே: "டேய், உனக்குத்தான் கைப்பக்குவம் இருக்கு. உப்பா, காரமா, நம்ம சாப்பாடா எதாச்சும் செஞ்சு தர முடியுமா?" என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள். போனை வைத்தவுடன் டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஞாயிறு, மதியம் 2.40. ஃப்ரீமாண்ட்.

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயிலில் ஏழு டாலரும் சில்லறையும். நடுவில் ஒருமுறை வண்டி மாறி ஒன்றரை மணி நேரம். பனியில் கிளம்பி வந்தவனுக்கு இங்கே பச்சை மலையும் வெயிலும் கண்ணைக் கூசின. மற்றவர்கள் ஜன்னல் வழியாக வளைகுடாவைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் 90-க்கும் 92-க்கும் நடுவில் எத்தனை இட்லி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் ஹாரூன் மச்சான் நின்றார். சிப் டிசைன் செய்கிறவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். காரில் ஏறியதும் ஒன்றே ஒன்று சொன்னார். "மாப்ள, இது வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. மஸ்ஜித்ல தெரிஞ்சா அவளால தாங்க முடியாது." நானும் தலையாட்டினேன். மருந்துக்கு விலக்கு உண்டு என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அக்கம்பக்கத்து வாயை அதை வைத்து அடைக்க முடியுமா?

லாத்தா சோபாவில் சாய்ந்திருந்தாள். தலையில் முக்காடு, அதற்குள் முடி இல்லை. நான் அழக்கூடாது என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன், அதைக் காப்பாற்றினேன். முறுக்கும் தட்டையும் சுடப்போகிறேன், பிழிகிற அச்சுகூடக் கொண்டுவந்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் பேசாமல் வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே முழுக்கப் புண். முறுக்கு போனால் கத்தி போட்டதுபோல் கிழிக்கும். மூவாயிரம் மைல் பறந்து வந்தவனுக்கு இதைக் கேட்டுக்கொண்டு வரத் தோன்றவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டு முறுக்கு அச்சைப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டேன்.

பொடி இட்லி என்று முடிவானது. சின்னச் சின்ன இட்லி, மேலே மிளகாய் இல்லாத பொடி. எள், உளுந்து, பெருங்காயம், கொஞ்சம் மாசித் தூள். மாசி என்பது காய்ந்த சூரைக் கருவாடு, அது இல்லாமல் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சோறு இறங்காது. அதன் மேல் நெய், அந்த நெய்யில் மருந்து. மாவை அன்றைக்கே அரைத்து வைத்தேன்.

திங்கள், காலை 10.30. ஓக்லண்ட்.

ஃப்ரீமாண்ட்டிலிருந்து இருபத்தைந்து மைல். டாக்டர் கடிதத்தைக் காட்டி அட்டை வாங்கிய நோயாளியும், அவரைப் பார்த்துக்கொள்பவராகப் பதிவு செய்தவரும் மட்டும்தான் கடைக்குள் போகலாம். மச்சான் உள்ளே போனார், நான் காரில் உட்கார்ந்தேன். பார்க்கிங் மீட்டருக்கு நாலு குவார்ட்டர். வாசலில் தாட்டியான ஒருவன் அட்டை பார்த்து உள்ளே விட்டான். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் கைத்தடி ஊன்றியவர்கள். ஒரு கிழவர் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்.

நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு போலீஸ் கார் இரண்டு தடவை கடந்து போனது. இரண்டாவது தடவை வேகம் குறைந்தது. நான் மடியில் ரோடு மேப்பை விரித்துக்கொண்டு தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம், ஒரு ஐ.டி. வேலை, ஒரு அபார்ட்மெண்ட், எல்லாம் இந்தத் தெருவோடு போச்சு என்று நினைத்தேன். அந்தக் கார் சிக்னலுக்காகத்தான் நின்றது. மச்சான் ஒரு காகிதப் பையோடு வந்தார். எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ், நாற்பத்தைந்து டாலர். கூடவே வெண்ணெயில் எப்படிப் போட்டு உருக்குவது, எவ்வளவு சாப்பிடலாம் என்று அச்சடித்த ஒரு தாள். கொஞ்சமாக ஆரம்பி, ஒன்றரை மணி நேரம் பொறு, அதற்குள் இன்னொன்று சாப்பிடாதே என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

திரும்பி வரும்போது மச்சான் ஃப்ரீவேயில் ஐம்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவன் எல்லாம் ஹார்ன் அடித்தான்.

மாலை நாலு மணிக்கு நெய்யை அடுப்பில் வைத்தேன். மந்தத் தீ, மூன்று மணி நேரம். வீடு முழுக்க ஈர வைக்கோலை எரித்த மாதிரி ஒரு வாடை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஜன்னலைத் திறந்தால் வெளியே போகும், மூடினால் லாத்தாவுக்குக் குமட்டும். கடைசியில் மறு அடுப்பில் வெங்காயமும் மாசியும் வதக்கினேன். மாசி வாடைக்கு முன்னால் எந்த வாடையும் நிற்காது. லாத்தா படுக்கையிலிருந்து, "இப்பதான் வீடு வீடா இருக்குடா" என்று சொன்னாள்.

நெய்யை மெல்லிய துணியில் வடிகட்டினேன். லேசான பச்சை, ஆறினதும் அதுவும் அவ்வளவாகத் தெரியவில்லை. எதில் ஊற்றுவது? காலி ஊறுகாய் பாட்டில் ஒன்று கிடந்தது. மேலே ஒரு சீட்டு ஒட்டி "மருந்து" என்று எழுதுவோம் என்றார் மச்சான். நான்தான் வேண்டாம் என்றேன். வருகிறவர்கள் எல்லாம் படிப்பார்கள், என்ன மருந்து என்று கேட்பார்கள், சும்மா மற்ற நெய் பாட்டில்களோடு வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பெரிய புத்திசாலியாகப் பேசினேன். நான் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பாட்டிலில் சரியான லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று சரிபார்க்கும் சாஃப்ட்வேர்தான் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்கு வந்தால் நம் புத்தி நம் புத்திதான். ஐஸ்கிரீம் டப்பாவில் புளி, தயிர் டப்பாவில் குழம்பு, பிஸ்கெட் டின்னில் ஊசி நூல். எதற்குள் எது என்று வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

செவ்வாய், பகல் 11. ஃப்ரீமாண்ட்.

ஆறு குட்டி இட்லி. மருந்து நெய் அரைக் கரண்டிக்கும் குறைவு. லாத்தா ஒவ்வொன்றாக வாயில் வைத்து நாக்காலேயே நசுக்கி விழுங்கினாள். நான் கையில் வாளியோடு நின்றேன். பன்னிரண்டரைக்கு, "ஷாகுல், குமட்டல காணோம்" என்றாள், பக்கத்தில் இருந்த ஆளைக் காணோம் என்பதுபோல. இன்னும் பத்து இட்லி கேட்டாள். அதற்குச் சாதா நெய் ஊற்றினேன். மாலையில் உப்புக் கொழுக்கட்டை நாலு. இரவு எடை 91. மச்சான் அந்த எடை மெஷினைத் துடைத்து மறுபடியும் ஏறச் சொன்னார், மறுபடியும் 91.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. அவள் தட்டில் யாரும் கை வைக்கவில்லை. தப்பித் தவறி மருந்து வாய்க்குள் போய்விடுமோ என்ற பயத்தில் நானும் மச்சானும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். எங்கள் ஊரில் விருந்தென்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி மூன்று நாலு பேர், எல்லாக் கையும் அதே சோற்றில். தனித் தட்டில் ஒருத்தியை உட்காரவைத்து நாங்கள் எட்டி நின்று பார்த்தோம். இரவுச் சாப்பாட்டில் அவள் பாதியில் தட்டைத் தள்ளினாள்.

புதன், பகல் 12.10. ஃப்ரீமாண்ட்.

மச்சான் ஆபீசுக்குப் போய்விட்டார், நான் இட்லி அரிசி வாங்க இந்தியக் கடைக்குப் போயிருந்தேன். பத்து பவுண்டு பை, எட்டு டாலர். திரும்பி வந்தபோது வாசலில் வேறு ஒரு கார் நின்றது. உள்ளே ஜமீலா ஆன்ட்டி.

ஜமீலா ஆன்ட்டி நாகூர்க்காரர், அறுபதை நெருங்குகிறவர், யூனியன் சிட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். நோயாளிக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓத வந்திருந்தார். நம் பெண்கள் நோயாளி வீட்டுக்கு வந்தால் ஓதி முடித்ததும் சமையலறையைக் கைப்பற்றிவிடுவார்கள். யாரும் கேட்க முடியாது, அது உரிமை. நான் நுழைந்தபோது அவர் பெரிய தட்டு ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. காலைல மிச்சம் இருந்த இட்லிய வெங்காயம் போட்டு நெய்ல பெரட்டிக் குடுத்தேன். தனியா சாப்பிட மாட்டேன்னா. நானும் உக்காந்து ஒரே சஹன்ல சாப்பிட்டோம். முப்பது இட்லி மாதிரி போயிருக்கும், மாஷா அல்லாஹ்" என்றார்.

மேடைமேல் ஊறுகாய் பாட்டில் திறந்து கிடந்தது. பாதிக்கு மேல் காலி.

லாத்தாவின் அறைக்கு ஓடினேன். அவள் சிரித்தாள். மாதக் கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு. வயிறு நிறையச் சாப்பிட்டேன்டா என்றாள். எந்த நெய் என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. தட்டு படுக்கைக்கே வந்ததால் அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை. மாசியும் வெங்காயமும் வாடையை மறைத்துவிட்டன. எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்றேன். பதினொன்றே முக்கால் என்றாள்.

ஹாலில் ஜமீலா ஆன்ட்டி கார் சாவியை எடுத்துவிட்டார். இரண்டு மணிக்குப் பேத்தியை டே-கேரிலிருந்து கூப்பிடவேண்டும், வழியில் துணி மாற்ற ஒரு கடை, கிளம்புகிறேன் என்றார். 880 ஃப்ரீவேயில் எட்டு மைல். அப்புறம் பின்சீட்டில் ஒரு குழந்தை.

டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்றார். பிரியாணி போடுகிறேன், மகனுக்கும் கொண்டுபோங்கள் என்றேன். இன்னொரு நாளைக்குத் தம்பி என்று செருப்பை மாட்டினார். லாத்தா அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் என்னைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினாள், சொல்லாதே என்று. ஓத வருகிற பெண்களிடமெல்லாம் நாளைக்கே இது பரவும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குக் கூடுதலாக இன்னொன்றும் தெரியும். யாராவது போலீசுக்குப் போன் செய்தால் நெய் உருக்கியவன் பெயர் கேட்பார்கள்.

நான் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "ஆன்ட்டி, நீங்க இப்ப கார் ஓட்டக் கூடாது. அந்த நெய்ல மருந்து இருக்கு. கஞ்சா. டாக்டர் லாத்தாவுக்கு எழுதிக் குடுத்தது. காய்ச்சினது நான். பேர் எழுதாம வச்சது என் தப்பு."

ஆன்ட்டி சாவியைக் கீழே வைக்கவில்லை. என்னை அறையப்போகிறார் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் கேட்டார். "எப்ப ஏறும்?"

ஒரு மணிக்கு மேல் என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 12.25. லுஹர், மதியத் தொழுகை நேரம் வந்தாகிவிட்டது. போதையில் தொழுகைக்குப் பக்கத்தில் போகக்கூடாது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "நாப்பது வருஷமா ஒரு வக்துகூட விட்டதில்ல. என் தொழுகையில கை வச்சிட்டீங்களே தம்பி" என்றார். கத்தவில்லை. அதுதான் என்னை வெட்டியது. முக்காட்டை இறுக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய் முகம் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்தார். நான் பாய் விரித்துத் தொழும் திசையைக் காட்டினேன். அவர் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார்.

பத்து நிமிடம். இவ்வளவு நீளமான பத்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை அவர் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்கும்போதும் எழுந்திருப்பாரா என்று பார்த்தேன். ஸலாம் கொடுத்து முடித்து, கையேந்தி அழுதார். பிறகு மகனுக்குப் போன் போட்டு, தலை சுற்றுகிறது, குழந்தையை நீயே கூப்பிட்டுக்கொள் என்றார். அப்புறம் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, "வர்றது வரட்டும்" என்றார்.

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு அவருக்கு வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. சோபாவின் பூப்போட்ட துணியை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, ஊறுகாய் கேட்டார், அப்புறம் இன்னும் ஊறுகாய் கேட்டார், தூங்கிவிட்டார்.

லாத்தாவுக்குத்தான் கஷ்டம். ஒன்றே காலுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றாள். கை சில்லிட்டது. சுவர் நகர்கிறது, நான் போய்க்கொண்டிருக்கிறேன், கலிமா சொல்லிக் கொடு என்றாள். உயிர் போகிற நேரத்தில் சொல்கிற உறுதிமொழி அது. நான் சொல்லிக் கொடுத்தேன். தொண்ணூறு பவுண்டு உடம்பு, அதில் நான் காய்ச்சிய நெய். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன், கிளம்பிவிட்டேன் என்றார். அடுத்து க்ளினிக்கின் நர்ஸ் எண். அதை அழுத்தும்போதுதான் என் பெயர் கேட்பார்களே என்று நினைப்பு வந்தது. கேட்டார்கள். முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். யார் தயாரித்தது என்று கேட்டாள் அந்த நர்ஸ். நான்தான் என்றேன். எவ்வளவு, எத்தனை மணிக்கு, மூச்சு எப்படி, நெஞ்சு வலிக்கிறதா, வேறு என்ன மாத்திரை என்று கேட்டுக்கொண்டே போனாள். மூச்சு சீராக இருக்கிறது, வலி இல்லை என்றேன். போர்வை போர்த்து, விளக்கைக் குறை, ஒருக்களித்துப் படுக்கவை, மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடு, கையைப் பிடித்துக்கொள், இது போய்விடும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இரு, மயங்கினால் அல்லது நெஞ்சு வலித்தால் உடனே 911 அடி என்றாள். அரை மணிக்கு ஒரு தடவை அவளே கூப்பிட்டாள். என் கிரீன் கார்டைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

ஆறு மணிக்கு லாத்தா தெளிந்தாள். தெளிந்ததும் வாந்தி. சாப்பிட்டது எல்லாம் போனது. எடை 89.

ஜமீலா ஆன்ட்டி அதற்கு முன்பே எழுந்து முகம் கழுவி உட்கார்ந்திருந்தார். லாத்தா தூங்கியதும் மச்சான் அவரை அவருடைய காரிலேயே கொண்டுபோய் விட்டார், நான் பின்னால் இன்னொரு காரில் போனேன். இறங்கிய ஆன்ட்டி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

வியாழன், காலை 9. ஃப்ரீமாண்ட்.

லாத்தா இட்லியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நெய் இந்த வீட்டில் இருக்கக்கூடாது, கொட்டு என்றாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி மச்சான் வாயெடுத்தார். தள்ளிவைத்தால் தள்ளிவைக்கட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தை மீறிக் கேட்டது. மிச்சம் இருந்த நெய்யை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கொட்டவும் மனசு வரவில்லை, வைக்கவும் மனசு வரவில்லை.

பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. ஜமீலா ஆன்ட்டி. கையில் ஒரு பெரிய வெண்கலத் தட்டு, ஒரு டப்பா நெய், அதன் மேல் பட்டையாக வெள்ளை டேப், அதில் கொட்டை எழுத்தில் "சாதா நெய்". என்னிடம் ஒரு கறுப்புப் பேனாவை நீட்டி, உன் பாட்டிலில் நீ எழுது என்றார். எழுதினேன். "மருந்து" என்று.

நேராக லாத்தாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"சுபைதா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நேத்து அந்த நெய் உன்னைச் சாப்பிட வைக்கல. ஏறுறதுக்கு முன்னாடியே என்னோட சேர்ந்து முப்பது இட்லிய முடிச்சியே. கூட ஒரு ஆள் கை நீட்டினதால சாப்பிட்டே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மருந்த மருந்தா குடுங்க தம்பி. சாப்பாட்டுல ஏன் கலக்குறீங்க? அவ சாப்பாட்டக் கண்டு எல்லாரும் ஓடுறீங்களே."

நான் விமானம் ஏறி வந்து, பெருமையாகச் செய்து, மூன்று நாள் கட்டிக் காத்த சமையலை அவர் இரண்டு வரியில் தூக்கிப் போட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

லாத்தா வெகுநேரம் ஒத்துக்கொள்ளவில்லை. பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னாள். நர்ஸிடம் மறுபடி பேசினேன். செவ்வாய்க்கிழமை கொடுத்ததில் பாதி கொடுத்துப் பார் என்றாள். ஒரே ஒரு குட்டி இட்லி, அதன் மேல் மருந்து நெய் சொட்டுச் சொட்டாக அளந்து, பொடி தூவி, தனிக் கிண்ணத்தில். அது மருந்து, அதோடு சரி. லாத்தா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். மச்சான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஆன்ட்டி ஓதிக்கொண்டிருந்தார், நான் சமையலறையில் இட்லி ஊற்றிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன்.

நெஞ்சு அடிக்கவில்லை. சுவர் நகரவில்லை. குமட்டலும் இல்லை.

தரையில் விரிப்பு போட்டு வெண்கலத் தட்டை நடுவில் வைத்தேன். நாற்பது குட்டி இட்லி, பொடி, சாதா நெய், மாசி வதக்கல், தயிர். ஆன்ட்டி பெரியவர், முதலில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தார். அப்புறம் நான், மச்சான். லாத்தா எங்கள் மூன்று கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கையும் வந்தது. வாய்ப் புண்ணோடு மெதுவாக, எங்களைவிட அதிக நேரம், கடைசி இட்லி வரைக்கும் சாப்பிட்டாள். மாலையில் அதே மாதிரி. ராத்திரி கஞ்சி, அதுவும் ஒரே தட்டில், கரண்டியை மாற்றி மாற்றி. நான் அன்றைக்கு எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன், யாரும் பார்க்க வேண்டாம் என்று.

வெள்ளி, காலை 8.15. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம்.

க்ளினிக்கில் லாத்தாவுக்கு எட்டரைக்கு நேரம், எனக்கு விமானம் ஒன்பது இருபதுக்கு. லீவு இதற்கு மேல் கிடையாது. ஆன்ட்டியும் மச்சானும்தான் அவளோடு போயிருந்தார்கள். நான் விடியற்காலையில் முதல் பார்ட்டைப் பிடித்து வந்தேன். கிளம்பும் முன் கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன், சட்டையை முகர்ந்து பார்த்தேன். பெட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் திறந்தார்கள். இட்லித் தட்டைத் தூக்கிப் பார்த்த அதிகாரி இது என்ன என்று கேட்டார். இந்தத் தடவை பொறுமையாக விளக்கினேன்.

கேட்டில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். பிளெய்ன்ஸ்பரோவில் என் அபார்ட்மெண்ட் வளாகத்தில் ஐந்நூறு வீடாவது இருக்கும், பாதி நம் ஆட்கள். எனக்குக் காய்ச்சல் என்று யார் வீட்டிலாவது தெரிந்தால் ரசம் வைத்து வாசலில் வைத்துவிட்டு, போனில் எடுத்துக்கொள் என்பார்கள். நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். நல்ல மனசுதான். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்து கூடச் சாப்பிட்டதில்லை, அவர்களும் நானும்.

8.52-க்கு மச்சான் கூப்பிட்டார். தொண்ணூற்றொன்றரை. 92 இல்லை. டாக்டர் இரண்டு நிமிடம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று லாத்தாவைக் கேட்டாராம். அவள் ஒன்று விடாமல் சொன்னாளாம், மாசி முதல் தயிர் வரை. இன்றைக்கே கீமோ ஏற்றலாம் என்று சொல்லிவிட்டாராம். மச்சான் அதற்கு மேல் பேச முடியாமல் போனை லாத்தாவிடம் கொடுத்தார்.

விமானத்தில் ஏறச் சொல்லி என் வரிசையைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

"டேய் ஷாகுல்," என்றாள் லாத்தா, "ஊசி ஏத்த நாலு மணி நேரம் ஆகுமாம். அதுக்குள்ள எனக்குப் பசிக்குதுடா."

பிப்ரவரி, ஜனவரி, டிசம்பர் என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், நின்ற இடத்திலேயே அழுதேன்.